காவா யாருடையது?

நம் தோட்டங்களில் வீட்டைச் சோதிப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர். மாத்திரை கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும்தான் அவருடைய வேலை என்று நம்மில் பலர் நினைத்திருப்போம். வாரத்துக்கு ஒரு நாள் அவர் லயங்களையும் சுற்றி வருவார். கூரை ஒழுகுகிறதா, பலகை உளுத்திருக்கிறதா, காவாயில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். யாரோ ஒரு நல்ல துரை மனசு வந்து செய்த ஏற்பாடு இல்லை இது. சட்டமே அப்படித்தான் இருந்தது. 1990இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டத்தில் (சட்டம் 446) கூட வாராந்தரச் சோதனை இருக்கிறது.

கிள்ளான் கடலோரத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த என் பாட்டிக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நாளைக்கு டிரசர் வர்றாருன்னா இன்னைக்குச் சாயங்காலமே காவாயைக் கூட்டிடுவோம். பக்கத்து வீட்டுக்காரி முடியாம படுத்திருந்தா அவ வீட்டு முன்னாலயும் சேர்த்துக் கூட்டணும். அவ காவா அடைச்சா தண்ணி நம்ம வீட்டுக்குத்தானே வரும்?" பாட்டிக்கு இதில் ஏக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. கூடவே இன்னொன்றும் சொல்வார்: "மாட்டுக் கொட்டாயைப் பாக்குற மாதிரிதான் பாப்பாங்க."

நான் உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு வடிகால் வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். மழைக்கு முன்னால் ஒரு வீட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தொழில்முறையாகத் தெரிந்த விஷயம். ஆனால் அதை யார் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு என் பாடப்புத்தகங்களில் பதில் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் கடந்த 140 ஆண்டுகளைப் புரட்டினால் அந்தப் பதில் மூன்று நான்கு முறை மாறியிருக்கிறது. கடைசியாக மாறியதை நாம் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் மழையைப் பற்றிக் கொஞ்சம். மலேசியாவில் சூறாவளி கிடையாது என்று பள்ளியில் படித்தோம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் காற்றைச் சுழலவைக்கும் விசை மிகக் குறைவு, அதனால் புயல் உருவாகாது என்பது விளக்கம். பெரும்பாலும் சரிதான். ஆனால் 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற சூறாவளி ஏறக்குறைய 1.5 பாகை வடக்கில் உருவாகி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1996 டிசம்பரில், கிரெக் புயல் சபாவின் கெனிங்காவ் பகுதியில் 200க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வழக்கமாக வருவது வேறு வகை மழை. வடகிழக்குப் பருவமழையின் முழு அடியைக் கிளந்தானும் திரெங்கானுவும் வாங்கிக்கொள்கின்றன. நமக்கும் அதற்கும் நடுவே தித்திவாங்சா மலைத்தொடர் நிற்கிறது. இங்கே அதிக மழை பெய்வது இரண்டு பருவக்காற்றுகளும் இடம் மாறும் மாதங்களில்: ஏப்ரலில் ஒரு முறை, அக்டோபர் நவம்பரில் இன்னொரு முறை. காலையெல்லாம் வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்து ஒரே கொட்டு. இதற்கிடையில் 'சுமாத்ரா' என்று வானிலைக்காரர்கள் சொல்லும் காற்று வேறு. தென்மேற்குப் பருவக்காலத்தில் விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும். காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக் கார் போர்ச் கூரை நம் வாசலில் கிடக்கும்.

தமிழ்நாட்டில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது பொங்கலுக்கு, அதாவது மழை ஓய்ந்த பிறகு. மலேசியத் தமிழர் வீடுகளில் பெயிண்ட் அடிப்பது தீபாவளிக்கு. அடித்துக் காய்வதற்குள் அக்டோபர் மழை வந்து அடிக்கும். அம்மாவின் வருடாந்தரப் புலம்பல் இது. ஆனாலும் பாருங்கள், வருஷத்திலேயே மோசமான மழை மாதத்தின் வாசலில் ஒரு குடும்பம் முழுவதும் பீரோவை நகர்த்தி, பரணில் ஏறி, மூலை முடுக்கெல்லாம் பார்க்கிறது. அந்த நாளில் இன்னும் அரை மணி நேரம் ஒதுக்கிக் கூரையையும் பார்த்துவிடலாமே என்று எனக்குத் தோன்றும். நாங்கள் சுவரை மட்டும்தான் பார்ப்போம்.

1881 ஜனவரியில் கோலாலம்பூர் எரிந்தது. அத்தாப்புக் கூரையும் மரமும் மண்சுவருமாக நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஊர். அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. எரியாமல் மிஞ்சியதைத் தண்ணீர் கரைத்தது என்றுகூடச் சொல்லலாம். அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த ஃப்ராங்க் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லாலும் ஓட்டாலும்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சீனர்களின் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் அதற்குச் செங்கல் சூளை அமைத்தார். ஊருக்குத் தெற்கே, ஆற்றங்கரைக் களிமண் நிலத்தில், சூளைகள் இருந்த இடத்துக்கு என்ன பெயர் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ். இன்று தீபாவளிக்குச் சேலையும் முறுக்கும் வாங்கப் போகும் அந்தத் தெருக்களின் பெயரிலேயே ஒரு வெள்ளமும் ஒரு தீயும் இருக்கின்றன. ஒருவர் வீடு எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று அரசாங்கம் தலையிட்டது ஏறத்தாழ அங்கேதான் தொடங்குகிறது. 1890இல் கோலாலம்பூருக்குச் சுகாதார வாரியம் ஒன்று வந்தது. தெருவும் காவாயும் குப்பையும் அதன் பொறுப்பில் போயின.

பிரிக்பீல்ட்ஸுக்கு நம்மவர்கள் வந்தது ரயிலோடு. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை 1886இல் ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் போட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும், கணக்கும் கடிதமும் எழுதியவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தார்கள். இருவருக்கும் குடியிருப்பு அரசாங்கம் கொடுத்தது. 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்று எல்லாரும் சொன்ன அந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. ரயில் பெட்டிகள் நின்ற இடத்தில் 2001 முதல் கே.எல். சென்ட்ரல் நிற்கிறது. அந்தக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு வீடு சொந்தமில்லை. கூரையும் அவர்கள் கவலை இல்லை. ஓடு உடைந்தால் இலாகாவுக்குச் சொல்ல வேண்டும், இலாகா ஆள் அனுப்ப வேண்டும். குமாஸ்தாவின் குவார்ட்டர்ஸுக்கும் கூலியின் லயத்துக்கும் எவ்வளவோ வித்தியாசம் இருந்தது; இந்த ஒன்றில் மட்டும் இல்லை. வீட்டைப் பார்க்கிறவன் வெளியிலிருந்து வருவான்.

கிள்ளானில் இந்தக் கதை இன்னும் கடுமையானது. 1901 செப்டம்பரில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று சொல்வது. கண்டல் சதுப்பில் மண் கொட்டி எழுப்பிய துறைமுகம். திறந்த சில வாரங்களில் ஆட்கள் மலேரியாவில் விழுந்தார்கள். கூலி, குமாஸ்தா, அதிகாரி என்று வித்தியாசம் இல்லை. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்குப் போனது. அந்த ஆண்டு கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் நிரூபித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில், அதைக் காவாய் வெட்டிக் காட்ட முடிவு செய்தார். சதுப்பை வடித்தார்கள், ஓரத்தில் கரை எழுப்பினார்கள், ஊருக்குள் இருந்த புதரை வெட்டினார்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902இல் 59. 1903இல் 46.

இந்த எண்களை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் வேறு எதுவும் படிக்க முடியவில்லை. காவா என்றால் நாற்றம், குப்பை, கார் சக்கரம் இறங்கும் இடம் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். நூறு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சரிவு குறைந்தால் என்ன ஆகும் என்று நான் கணினியில் கணக்குப் போடும் அதே காவா, எங்கள் ஊரில் ஒரே ஆண்டில் 300 உயிர்களின் வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கிறது. அதை மண்வெட்டியோடு வெட்டியவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். அவர்கள் பெயர் வாட்சனின் பெயரைப் போல எங்கும் இல்லை.

டிரசரின் வாராந்தரச் சுற்றுக்கும் வேர் இங்கேதான் என்பது என் ஊகம். நின்ற தண்ணீரில் முட்டை விழுந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அதனால்தான் காவாயில் எண்ணெய் தெளிப்பதும் வாரக் கணக்கில் நடந்தது. அந்தச் சுழற்சியை உடைக்க வேண்டுமென்றால் பார்ப்பவன் வாரம் ஒரு முறையாவது வர வேண்டும். வீட்டைச் சோதித்தார்கள் என்பது உண்மை. யாருக்காக என்று கேட்டால், ரப்பருக்காக. காய்ச்சலில் படுத்தவன் மரம் வெட்டப் போக மாட்டான். பாட்டி மாட்டுக் கொட்டாய் என்று சொன்னது இதைத்தான். இருந்தாலும் காவாயில் தண்ணீர் ஓடியது, அதையும் மறைக்க முடியாது.

1926 கடைசியில் வந்த பெருவெள்ளத்தைப் பழைய கோலாலம்பூர்க்காரர்கள் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்களாம். அதற்குப் பிறகு ஊருக்குள் ஆற்றை நேராக்கி அகலப்படுத்தினார்கள். 1932இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா தொடங்கப்பட்டது. பெயரே சொல்வதுபோல அதன் முக்கிய அக்கறை வயல். நகரத்து வெள்ளம் அதன் தலையில் ஏறியது 1971க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் நாள்கணக்கில் பெய்த மழையில் கோலாலம்பூரின் நடுப்பகுதி மூழ்கியது. 32 பேர் இறந்தார்கள், 180,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் நிரந்தர வெள்ளத் தடுப்பு ஆணையம் ஒன்று அமைந்தது. 1972 முதல் வெள்ளத் தணிப்பு அந்த இலாகாவின் வேலையானது.

இங்கே ஒரு திருப்பம் நடக்கிறது. அரசாங்கத்தின் கண் வீட்டிலிருந்து ஆற்றுக்குப் போகிறது. 1987இல் பத்து அணை. 2007இல் ஸ்மார்ட் சுரங்கம், 9.7 கிலோமீட்டர். சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் கார் ஓடும். பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டுச் சுரங்கம் முழுவதையும் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவார்கள். கிள்ளான் ஆறு நகரத்துக்குள் நுழையும் முன்பே கம்போங் பெரெம்பாங்கில் தண்ணீரை வாங்கி, தாமான் டேசா குளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, கெராயோங் ஆற்றில் விடுவது அதன் வேலை. என் தொழிலில் இருக்கும் யாருக்கும் அதன்மேல் மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அது காப்பாற்றுவது கோலாலம்பூரின் மையத்தை. கெராயோங்கும் கடைசியில் கிள்ளான் ஆற்றில்தான் விழுகிறது. ஆற்றின் கீழ்முனையில் இருப்பவை ஷா ஆலமும் கிள்ளானும்.

தோட்டங்கள் விற்கப்பட்டு லயங்கள் காலியான ஆண்டுகளில் எங்கள் குடும்பமும் தாமானுக்கு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஒற்றை மாடி வரிசை வீடு, 20க்கு 70 அடி நிலம். அப்பாவின் பெயரில் வீட்டு கிராண்ட் வந்த நாளில் தாத்தா சொன்னதை அப்பா இன்னும் சொல்வார்: "இனிமே எவனும் உள்ள வந்து பாக்க முடியாதுடா." மூன்று தலைமுறை லயத்தில் இருந்தவருக்கு வீடு என்பதன் அர்த்தமே அதுதான். கதவு தட்டாமல் நுழையும் கங்காணி இல்லை, நோட்டோடு வரும் டிரசர் இல்லை. அதை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

எவனும் வரவும் இல்லை. கட்டி முடித்தபோது ஒரு தடவை சோதித்துத் தகுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள். 2007 முதல் அதையும் திட்டத்துக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோதான் கொடுக்கிறார். அதன்பின் அந்த வீடு இடியும்வரை அதன் கூரையையோ தூணையோ காவாயையோ பார்க்க வேண்டிய கடமை எந்த அதிகாரிக்கும் இல்லை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 85ஏ என்று ஒரு பிரிவு உண்டு: ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒரு முறை பொறியியலாளர் சோதிக்க வேண்டும். லயத்துக்கு வாரம் ஒரு முறை, அடுக்குமாடிக்குப் பத்தாண்டுக்கு ஒரு முறை, தாமான் வீட்டுக்கு எப்போதும் இல்லை.

அந்த 85ஏ எங்கிருந்து வந்தது என்பதும் காவாய்க் கதைதான். 1993 டிசம்பர் 11. உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் முதல் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பத்து நாள் தொடர் மழைக்குப் பிறகு நடந்தது. பின்னாலிருந்த குன்றில் வடிகால்கள் போதவில்லை, திருப்பிவிடப்பட்ட ஓடையின் தண்ணீர் சரிவுக்குள் இறங்கியது, மண் நகர்ந்து அடித்தளத்தைத் தள்ளியது. குடியிருந்தவர்கள் தொடுத்த வழக்கு 2006இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. உள்ளூர் நகராண்மைக் கழகத்துக்குப் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பு. அதே 1974 சட்டத்தின் 95(2) பிரிவு கட்டடத்தையும் வடிகாலையும் அங்கீகரித்த, சோதித்த ஊராட்சிக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சோதிக்கலாம், ஆனால் சோதித்ததற்கோ விட்டதற்கோ பதில் சொல்ல வேண்டியதில்லை. மாணவனாக இருந்தபோது இந்தத் தீர்ப்பை விரிவுரையாளர் ஒரு ஸ்லைடில் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். சட்டம் படிக்கும் நண்பர்கள் யாராவது இதைத் தமிழில் விரிவாக எழுத வேண்டும்.

2021 டிசம்பரில் தென் சீனக் கடலில் உருவான தாழ்வழுத்தம் தீபகற்பத்தைக் கிழக்கிலிருந்து குறுக்கே கடந்தது. சூறாவளி அளவுக்குக்கூட வளராத ஒன்று. ஆனால் 17ஆம் தேதி தொடங்கி 18 முழுவதும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை நிற்கவில்லை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்தது. மலைத்தொடர் காப்பாற்றும் என்ற நம்பிக்கை அன்றைக்குப் போயிற்று. 19ஆம் தேதி பௌர்ணமி. கிள்ளான் முகத்துவாரத்தில் பௌர்ணமிப் பெருக்கு 5 மீட்டர் வரை ஏறி இறங்கும் கடல். கடல் ஏறும்போது ஆற்றோரக் கதவுகளை மூடிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆறு ஊருக்குள் வரும். மூடினால் ஊருக்குள் பெய்த மழை வெளியே போகாது. பம்ப் மட்டும்தான் வழி.

ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கீழ்மாடியை விழுங்கியது. ஆட்கள் மேல்மாடியிலும் கூரையிலும் இரண்டு நாளுக்கு மேல் படகுக்காகக் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் அந்த வெள்ளத்தில் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புள்ளியியல் துறையின் கணக்குப்படி மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட். அதில் பாதிக்கு மேல், 310 கோடி, சிலாங்கூரில். வீடுகளுக்கு மட்டும் நாடு முழுக்க 160 கோடி.

வெள்ளம் வடிந்த பிறகு சுத்தம் செய்யப் போன தொண்டர்களில் நானும் ஒருவன். சில வீடுகளில் வாசலில் மணல் மூட்டை அடுக்கி, ஓரத்தில் துணி திணித்து, டேப் ஒட்டி, அவ்வளவு ஒழுங்காகத் தயாராக இருந்திருக்கிறார்கள். தண்ணீர் வாசலால் வரவில்லை. குளியலறைத் தரையில் இருக்கும் வடிகால் துளையிலிருந்தும் கழிப்பறைக் கிண்ணத்திலிருந்தும் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது. வெளியே காவாய் நிறைந்தால் அதனோடு சேர்ந்த குழாய் எல்லாவற்றிலும் தண்ணீர் பின்னோக்கித் தள்ளும். ஓர் அக்கா சேற்றைத் தள்ளிக்கொண்டே, "முன்னால நின்னு காவல் காத்தோம் தம்பி, அது பின்னால வந்து உக்காந்துக்கிச்சு" என்றார்.

அதனால் இப்போது ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் கடைசியில் நானும் அப்பாவும் வீட்டைச் சுற்றி வருகிறோம். முதலில் இந்தத் தரைத் துளைகள். திருப்பிவரும் தண்ணீரைத் தடுக்கும் ஒருவழி மூடி பிளம்பிங் கடையில் கிடைக்கும். விலை ஒரு வேளை வாழையிலைச் சாப்பாட்டைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பிறகு மின்சாரம். டிபி பெட்டியில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மெயின் விழ வேண்டும். விழவில்லை என்றால் கசிவு மின்சாரம் உங்கள் மீது பாயும்போதும் அது விழாது. கீழ் பிளக்குகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டோம். பிறகுதான் கூரை. முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சிமெண்டுக் கலவை பத்துப் பதினைந்து ஆண்டில் வெடித்துவிடும், கீழிருந்து பார்த்தால் தெரியாது. கார் போர்ச் தகரத்தின் திருகுகளில் உள்ள ரப்பர் வளையம் வெயிலில் உளுத்து உதிர்ந்திருக்கும். அதன் வழியாக ஒழுகுவது சின்ன விஷயம். திருகு தளர்ந்தால் சுமாத்ராக் காற்றுக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். கூரையோரக் கட்டரில் இலை, பந்து, பறவைக் கூடு. பத்திரங்கள் பரணில். காப்புறுதியையும் பார்த்துவிடுங்கள்: அடிப்படைத் தீக்காப்புறுதியில் வெள்ளம் வராது, காரின் முழுக் காப்புறுதியிலும் தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்த்தால்தான் வரும்.

ஸ்ரீ மூடா அளவுக்குத் தண்ணீர் வந்தால் இதில் எதுவும் வீட்டைக் காப்பாற்றாது. அதையும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இது முழங்கால் அளவு தண்ணீருக்கான ஏற்பாடு. நம் ஊரில் அடிக்கடி வருவது அந்த அளவுதான். அதற்கு மேல் வந்தால் வீட்டை விட்டுக் கிளம்புவது மட்டும்தான் ஏற்பாடு. எங்கே, எந்த வழியாக என்று மழைக்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் வந்தால்தான் உண்மையான பிரச்சினை நிற்கிறது. எங்கள் 20க்கு 70 அடி நிலத்தில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 13,000 லிட்டர். முன்பு வாசலில் புல்லும் பின்னால் ஒரு வாழையும் இருந்தன, மண் கொஞ்சம் குடித்தது. இப்போது வரிசையில் எல்லா வீட்டிலும் சிமெண்டு. புதிய குடியிருப்புகள் தங்கள் மழைநீரைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து மெதுவாக விட வேண்டும் என்று 2001 முதல் விதி இருக்கிறது. மஸ்மா கையேடு என்போம். என் அன்றாடச் சோறு அதுதான். ஆனால் எங்கள் தாமான் அதற்கு முந்தியது. பெய்ததை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ளு என்ற காலத்து வடிகால். தள்ளுவதற்கு இருக்கும் ஒரே வழி பின்சந்துக் காவாய். அதன்மீதுதான் எல்லாரும் சமையலறையை நீட்டிக் கட்டியிருக்கிறோம். எல்லாரும் என்றால் நாங்களும்தான். 1998இல் அப்பா கட்டியது.

வீடு என்னுடையது, தெருக்காவாய் ஊராட்சியுடையது, ஆறு இலாகாவுடையது. சமையலறைக்குக் கீழே ஓடும் அந்த 20 அடி மட்டும் யாருடையது என்று தெளிவாகச் சொல்ல ஆள் இல்லை. லயத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. காவாய் தோட்டத்துடையது, கூட்ட வேண்டியது நாம். பக்கத்து வீட்டுக்காரியின் காவாயைப் பாட்டி கூட்டியது டிரசரின் பயத்தால் என்று நான் முதலில் எடுத்துக்கொண்டேன். அவர் சொன்ன காரணம் அது இல்லை. தண்ணீர் நம் வீட்டுக்கு வரும் என்பதுதான். சோதனைக்காரன் போனதும் அந்த அறிவும் கூடவே போயிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சென்ற ஆண்டு, 2025 செப்டம்பரில், அப்பாவும் நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் பின்வரிசைப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போய்க் கதவைத் தட்டினோம். யோசனை எளிது: ஒவ்வொரு சமையலறைத் தரையிலும் இரண்டடிச் சதுரத்துக்கு வெட்டித் திறக்கும் மூடி ஒன்று போடுவது, ஆண்டுக்கு இரண்டு முறை எல்லாரும் ஒரே நாளில் திறந்து சேற்றை அள்ளுவது. மூன்றாம் வீட்டுச் சீன ஆன்ட்டி முதலில் சரி என்றார்; 2021இல் அவர் குளிர்சாதனப் பெட்டி மிதந்தது. ஒன்பதாம் வீட்டு பாக் சிக் மூடி போடாமலே தன் தரையில் ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறார் என்று தெரிந்தது, யாரும் கேட்காததால் சொல்லவில்லையாம். இரண்டு வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள், சொந்தக்காரரின் எண்ணைக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுத் தரையை அக்டோபர் முதல் வாரத்தில் உடைத்தோம். கீழே முக்கால் உயரத்துக்குச் சேறு, ஒரு பள்ளிக்கூடக் காலணி, என் சின்ன வயதுப் பிளாஸ்டிக் லாரி ஒன்று.

இதுவரை ஐந்து வீடுகள் ஆகியிருக்கின்றன. ஏழாம் வீட்டு அங்கிள் புதிதாக டைல்ஸ் போட்டிருக்கிறார், தீபாவளி முடியட்டும் தம்பி என்றார். அக்டோபர் 20இல் தீபாவளி முடிந்தது. பிறகு சீனப் பெருநாள் முடியட்டும், மகன் வரட்டும் என்று போய்க்கொண்டிருக்கிறது. இப்போது ஏப்ரல் மழை தொடங்கப் போகிறது. காவாய் வளைந்து திரும்புவது அவர் வீட்டுக்குக் கீழேதான். இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் போகலாம் என்று இருக்கிறோம்.